சீனி டப்பாவில் இருப்பது சீனிதானா?

(ரமலானை முன்னிட்டு நமது அறக்கட்டளை நடத்திய மருத்துவ விளக்கக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற அரசு மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நோன்புக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. சுகர் உள்ளவர்கள் நோன்பு வைப்பதைப் பற்றிப் பேசும்படி அறக்கட்டளையார் கேட்டார்கள். அது பெரிய விஷயம். டாக்டர் வந்து பேச வேண்டியது. நான் மருந்து எடுத்துக் கொடுத்தவன். அதனால் அதற்குள்ளே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இப்போது நம் ஊர் வீடுகளில் சீனிக்குப் பதிலாக ஒரு வெள்ளைப் பொடி வந்திருக்கிறது. துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் வருகிற பிள்ளைகள் பெட்டியில் வைத்துக் கொண்டு வருகிறார்கள். தேனியிலும் கம்பத்திலும் பெரிய கடைகளில் கிடைக்கிறது, ஆன்லைனிலும் வருகிறது. பெயர் எரித்ரிட்டால். ஸ்டீவியா என்று பெரிதாக எழுதியிருக்கிற பல பாக்கெட்டுகளைத் திருப்பிப் பின்பக்கம் படித்தால், உள்ளே முக்கால்வாசிக்கு மேல் இருப்பது இதுதான். ஸ்டீவியா ஒரு சிட்டிகை இருக்கும்.

இதைப் பற்றி என்னிடம் வருகிற முதல் கேள்வி சுகரைப் பற்றியதே இல்லை. "பாய், இதில் ஆல்கஹால் என்று போட்டிருக்கிறதே, சாப்பிடலாமா?" என்பதுதான். இந்த வகைப் பொருள்களுக்கு ஆங்கிலத்தில் சர்க்கரை ஆல்கஹால் என்று பெயர். பாக்கெட்டில் அதைப் படித்துவிட்டு, மகன் ஆசையாக வாங்கி வந்ததை அப்படியே குப்பையில் கொட்டிய ஒரு அம்மாவை எனக்குத் தெரியும்.

வேதியியலில் ஆல்கஹால் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். ஒரு மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஒரு குறிப்பிட்ட விதமாகச் சேர்ந்து ஒட்டியிருந்தால் அந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடுவார்கள். சாராயத்தில் இருப்பது எத்தனால். அது அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை. இருமல் மருந்திலும் சோப்பிலும் இருக்கிற கிளிசரினும் அதே குடும்பம்தான். கிளிசரின் குடித்து யாரும் போதையானதில்லை. எரித்ரிட்டாலும் அப்படித்தான், எவ்வளவு சாப்பிட்டாலும் போதை வராது. வேடிக்கை என்னவென்றால், ஆல்கஹால் என்ற சொல்லே அரபியிலிருந்து போனது. நாம் கண்ணுக்கு இடுகிற சுர்மாப் பொடிக்கு அரபியில் அல்-குஹ்ல் என்று பெயர். அந்தச் சொல் ஐரோப்பாவுக்குப் போய், நைஸான பொடி என்று பொருள் மாறி, பிறகு வடித்தெடுத்த திரவம் என்று மாறி, கடைசியில் சாராயத்தில் வந்து நின்றது. பெயரை வைத்துப் பொருளை முடிவு செய்தால் சுர்மாவையும் விட வேண்டிவரும்.

எரித்ரிட்டாலை மக்காச்சோள மாவிலிருந்து எடுத்த குளுக்கோஸில் ஈஸ்ட் விட்டு நொதிக்க வைத்துத் தயாரிக்கிறார்கள். பிறகு வடிகட்டி, சுத்தம் செய்து, கற்கண்டு போலப் படிய வைக்கிறார்கள். பொருள் இன்னது என்று சொல்வது என் வேலை. மார்க்கத் தீர்ப்பை ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். இந்த இனிப்புகள் போட்ட சூயிங்கம், மிட்டாய் வாங்கும்போது நாம் பார்க்க வேண்டியது ஆல்கஹால் என்ற சொல்லை அல்ல, ஜெலட்டின் என்ற சொல்லை. அது எந்த மிருகத்தின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வந்தது என்பதுதான் அங்கே உண்மையான கேள்வி. அதை யாரும் என்னிடம் கேட்பதில்லை.

இனி எரித்ரிட்டால் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இது புதிதாக முளைத்த பொருள் இல்லை. 1848-லேயே ஜான் ஸ்டென்ஹவுஸ் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர், பாறையில் படரும் லைக்கன் என்ற பாசியிலிருந்து பிரித்தெடுத்தார். இனிப்பாக விற்பனைக்கு வந்தது 1990-களில்தான், முதலில் ஜப்பானில். பழங்களிலும் இயற்கையாக இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கம்பம் பன்னீர் திராட்சையைச் சொல்லி, "திராட்சையில் இருப்பதுதானே, எவ்வளவு சாப்பிட்டால் என்ன?" என்று ஒருவர் கேட்டார். எந்தத் திராட்சையானாலும் ஒரு கிலோவில் எரித்ரிட்டால் சில பத்து மில்லிகிராம்தான் இருக்கும். ஒரு டீஸ்பூன் பொடியில் நான்காயிரம் மில்லிகிராம் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகாது. அதே திராட்சையில் நிஜச் சர்க்கரை கிலோவுக்கு 150 கிராம் அளவுக்கு இருக்கிறது என்பதையும் சுகர்க்காரர்கள் மறக்க வேண்டாம்.

சீனி ஒரு கிராம் சாப்பிட்டால் 4 கலோரி. எரித்ரிட்டாலில் 0.2 கலோரிதான். சாப்பிட்டதில் பத்தில் ஒன்பது பங்கு சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போகும். அங்கே எந்த மாற்றமும் ஆகாமல் அப்படியே சிறுநீரில் வந்துவிடும். அதனால்தான் ரத்தச் சர்க்கரை ஏறுவதில்லை. இனிப்பு சீனியை விடக் கொஞ்சம் குறைவு, அறுபது எழுபது சதவீதம். நாக்கில் வைத்தால் பெப்பர்மின்ட் வைத்தது போலச் சில்லென்று இருக்கும். இந்தச் சில்லிப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

இதே குடும்பத்தில் மற்றவர்களும் இருக்கிறார்கள், எல்லாரும் ஒரே குணம் இல்லை. பல டாக்டர்கள் சொல்கிற சூயிங்கத்தில் இருப்பது சைலிட்டால். பல்லைச் சொத்தையாக்கும் கிருமியால் அதைத் தின்று அமிலம் உண்டாக்க முடியாது. பின்லாந்தில் 1970-களிலேயே இதை ஆராய்ந்தார்கள். நல்லதுதான், ஆனால் தோட்டத்துக் காவல் நாய்க்கு அது விஷம், கீழே போட்டுவிடாதீர்கள். சார்பிட்டால் சுகர் இல்லாத இருமல் மருந்துகளில் இருக்கும். கவனிக்க வேண்டியது மால்டிட்டால். சுகர் ஃப்ரீ என்று எழுதிய சாக்லேட், பிஸ்கட், லட்டு வகைகளில் அதிகம் போடுவது அது. அதில் கிராமுக்கு 2.1 கலோரி இருக்கிறது. ரத்தச் சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும். அதோடு மைதாவும் நெய்யும் வேறு. கல்யாண வீட்டில் சுகர் ஃப்ரீ என்று நான்கு லட்டு சாப்பிட்டுவிட்டு, மறுநாள் டெஸ்டில் 280 வந்தது என்று என்னிடம் கோபப்பட்டவர்கள் உண்டு. லட்டில் சீனி இல்லை என்பது உண்மைதான். கடலைமாவு இருந்ததே!

பாக்கெட்டின் பின்னால் ஐஎன்எஸ் என்று மூன்று ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கும். 968 என்றால் எரித்ரிட்டால், 967 சைலிட்டால், 965 மால்டிட்டால், 420 சார்பிட்டால். எழுத்து தெரியாத பெரியவர்கள்கூட எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம்.

அளவுக்கு வருவோம். அதிகமானால் வயிறு உப்பும், பேதியாகும். பாக்கெட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று நம் நாட்டு விதி சொல்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023 டிசம்பரில் எரித்ரிட்டாலுக்கு ஒரு வரம்பு வைத்தது: உடல் எடை கிலோவுக்கு அரை கிராம், ஒரு நாளைக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 30 கிராம். நம் வீட்டுக் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். டீக்கு இரண்டு ஸ்பூன் சீனி போட்டவருக்கு அதே இனிப்பு வேண்டுமென்றால் இது மூன்று ஸ்பூன் வேண்டும். நாளைக்கு மூன்று டீ, ஒன்பது ஸ்பூன், 36 கிராம். டீயிலேயே வரம்பு தாண்டிவிட்டது! இஃப்தாரில் சர்பத்தும் கடல்பாசியும் இதிலேயே செய்தால் கேட்கவே வேண்டாம். பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்த வயதானவருக்கு ராத்திரி பேதியானால், மறுநாள் நோன்பில் அவர் நிலை என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதயத்தைப் பற்றிய செய்தியை வாட்ஸ்அப்பில் பார்த்திருப்பீர்கள். அது முழுப் பொய்யும் இல்லை, முழு முடிவும் இல்லை. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வந்ததாகக் கண்டார்கள். எட்டுப் பேருக்கு 30 கிராம் கலந்த பானம் கொடுத்துப் பார்த்ததில், ரத்தத்தில் அதன் அளவு ஆயிரம் மடங்குக்கு மேல் ஏறி, இரண்டு நாள் வரை உயரத்திலேயே நின்றது. 2024-ல் இருபது பேரை வைத்துச் செய்த இன்னொரு சோதனையில், எரித்ரிட்டால் குடித்த பத்துப் பேருக்கு ரத்தத் தட்டணுக்கள் சுலபமாகக் கட்டியாகும் தன்மை கூடியது. குளுக்கோஸ் குடித்த பத்துப் பேருக்கு அப்படி ஆகவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நம் உடம்பே குளுக்கோஸிலிருந்து கொஞ்சம் எரித்ரிட்டாலைத் தானாகவே தயாரிக்கிறது. சுகரும் கொழுப்பும் உள்ளவர்கள் உடம்பில் அது கூடுதலாக உண்டாகலாம். ஆகவே ரத்தத்தில் அதிகம் இருந்தது நோய்க்குக் காரணமா, நோயின் அடையாளமா என்பது முடிவாகவில்லை. எட்டுப் பேர், இருபது பேர் என்பதும் சின்ன எண்ணிக்கை. என் சொந்தக் கருத்தைக் கேட்டால், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் இதைத் தினசரிப் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் கேட்டுவிட்டு எப்போதாவது கொஞ்சம். மற்றவர்கள் டீயில் ஒரு ஸ்பூன் போடுவதற்காகப் பயந்து நடுங்கவும் வேண்டாம்.

இன்னொரு தவறான எண்ணம், இது சுகரைக் குறைக்கும் என்பது. இது ஏற்றாது, அவ்வளவுதான், இறக்காது. சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் 2024-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அது சுக்ரலோஸ் என்ற வேறொரு இனிப்பைப் பற்றியது. சுகர் உள்ள 179 பேரில் ஒரு பகுதியினருக்கு டீ காபியில் சீனியை மாற்றிச் சுக்ரலோஸ் கொடுத்து 12 வாரம் பார்த்தார்கள். எடை கொஞ்சம் குறைந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நம் ஆட்கள் கிலோவுக்குச் சீனியைவிடப் பத்து மடங்கு விலை கொடுத்து இதை வாங்கிவிட்டு, மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டு வாசலுக்கே இலவசமாக வருகிற மாத்திரையைப் பாதி தின்கிறார்கள். கேட்டால், "அதான் சீனியே சேர்க்கிறதில்லையே" என்கிறார்கள். சோற்றைக் குறைத்தீர்களா என்று கேட்டால் பதில் இல்லை.

இனி, நான் இன்று இங்கே பேச ஒப்புக்கொண்டதற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ரமலான். எங்கள் அத்தாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. காலையிலும் மாலையிலும் போட்ட கிளிமிபிரைடு மாத்திரையை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றி, நோன்பு வைத்திருந்தார்கள். டாக்டரைக் கேட்டு மாற்றவில்லை, நான்தான் மாற்றினேன். முப்பது வருடம் மருந்து கொடுத்தவன் என்ற தைரியம். நோன்புக்கு முந்தின வாரம் நான்தான் ஒரு கிலோ எரித்ரிட்டால் வாங்கி வந்தேன். "இனி இந்த வீட்டில் சீனியே கிடையாது" என்று சொல்லி, அடுப்படியில் இருந்த சீனி டப்பாவைக் கழுவி, அதிலேயே கொட்டி வைத்தேன். பார்க்க அச்சு அசல் சீனிதான்.

பதினொன்றாம் நோன்பு. அஸர் தொழுதுவிட்டு அத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். சட்டை நனைகிற அளவுக்கு வியர்வை. கை நடுக்கம். பேரனைப் பார்த்து என் தம்பி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் மனைவிக்குப் புரிந்துவிட்டது. மெஷினில் பார்த்தால் 52. நோன்பை விடச் சொன்னால் அத்தா கேட்கவில்லை. "இன்னும் ஒன்றரை மணி நேரம்தானே" என்றார்கள். கெஞ்சிக் கூத்தாடி, மூன்று ஸ்பூன் சீனி கலந்த தண்ணீரைக் குடிக்க வைத்தார்கள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 49. மறுபடி நான்கு ஸ்பூன் கலந்து கொடுத்தார்கள். கண் சொருக ஆரம்பித்துவிட்டது.

நான் அப்போதுதான் வீட்டுக்குள் வருகிறேன். "இரண்டு தடவை சீனித் தண்ணீர் கொடுத்தும் ஏறவில்லை" என்று அழுகிறாள். டம்ளரில் மிச்சம் இருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். சில்லென்றது.

அந்த ஒரு நொடியை நான் இன்றுவரை மறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடி, ரேஷன் சீனியை ஒரு கிண்ணத்தில் அள்ளி வந்தேன். நல்லவேளையாக அத்தாவுக்கு விழுங்குகிற நினைவு இருந்தது. இருபது நிமிடத்தில் 94 வந்தது. அல்ஹம்துலில்லாஹ். பேரனின் பெயரை அப்போது சரியாகச் சொன்னார்கள்.

தப்பு பொடியுடையது இல்லை. ரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்று சொல்லித்தானே அதை விற்கிறார்கள்! ஏற்ற வேண்டிய நேரத்தில் அதைக் கொடுக்கும்படி வீட்டை வைத்திருந்தது நான்.

ஆகவே இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருக்கிற வீட்டில் நிஜச் சீனி கட்டாயம் இருக்க வேண்டும். அதன் இடத்தில், அதன் டப்பாவில். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சு குழறுவது, காரணமில்லாத கோபம், இவற்றில் எது வந்தாலும் உடனே மெஷினில் பாருங்கள். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று ஆலிம்கள் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். 70-க்குக் கீழே போனால், மஃக்ரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும், நோன்பை விட்டுவிடுங்கள். 300-க்கு மேலே போனாலும் அப்படித்தான். நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது. பிறகு களாச் செய்யலாம், அதுவும் முடியாதவருக்கு ஃபித்யா இருக்கிறது. மூன்று ஸ்பூன் நிஜச் சீனியைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதில் மருந்துக்கடைக்காரன் ஒருவனுக்கே தோன்றுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் மாத்திரை அட்டையில் வாக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயர் இருக்கிறதா பாருங்கள். மூன்று மருந்து சேர்ந்த மாத்திரைகளில் அடிக்கடி இருக்கும். அது சீனியைக் குடலில் உடைய விடாமல் தாமதப்படுத்துகிற மருந்து. அதைச் சாப்பிடுகிறவருக்கு லோ சுகர் வந்தால் நிஜச் சீனியும் மெதுவாகத்தான் வேலை செய்யும். அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் வாங்கி வைத்திருக்க வேண்டும்.

மாத்திரை நேரத்தையும் அளவையும் என்னைப் போல நீங்களே மாற்றாதீர்கள். க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி அரசு மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே இந்த மூன்று வாரத்துக்குள் ஒரு தடவை போய், நோன்பு வைக்கப் போகிறேன் என்று சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு நோன்பு வைக்கிற உடம்பா என்பதையும் அவரே சொல்வார்.

அப்படியானால் இந்தப் பொடியை எதற்குத்தான் பயன்படுத்துவது? சீனி இல்லாத டீயை விழுங்கவே முடியாதவருக்கு ஒரு ஸ்பூன் போடலாம். கடல்பாசியிலும் பால் கஞ்சியிலும் கொஞ்சம் போட்டால் நன்றாகவே வருகிறது. அல்வா, பாகு வைக்கிற பலகாரம் வேண்டாம். பாகு பதம் வராது, ஆறினால் மணல் போலக் கட்டும். காசும் போய் மாவும் போகும். பிள்ளைகளுக்குப் பழக்காதீர்கள். என் அனுபவத்தில், டீயில் வாரத்துக்கு அரை ஸ்பூனாகச் சீனியைக் குறைத்துக்கொண்டே வந்தவர்களுக்கு இரண்டு மாதத்தில் இது தேவைப்படவே இல்லை.

ஒரு சகோதரி துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார்கள்: "பாதிப் பாக்கெட் மீதி இருக்கிறது. என்ன செய்வது?" கொட்ட வேண்டாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூடியில் சிவப்பு டேப் ஒட்டி, சீனி இருக்கிற தட்டில் வைக்காமல் வேறு தட்டில் வையுங்கள். வீட்டில் உள்ள எல்லாருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கும் வேலைக்கு வருகிற அம்மாவுக்கும், அது சீனி இல்லை என்று காட்டிக்கொடுங்கள். எது எது என்று குழம்பிவிட்டால் நாக்கில் ஒரு சிட்டிகை வைத்துப் பாருங்கள். வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் இருப்பேன். பாக்கெட்டையும் மாத்திரை அட்டையையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம். வஸ்ஸலாம்.